லென்ஸ் வாங்கப் போன அன்று

அன்புள்ள மக்களே,

அப்பா எழுதுகிறேன். போன் எடுக்க நேரமில்லை என்று அம்மைக்கு மெசேஜ் போட்டிருந்தாய். சரி, வேலை இருக்கும். நீ பேசி 21 நாளாகிறது. கடிதமானால் ராத்திரி படுக்கும் முன்பாவது வாசிப்பாய். கண்ணிலிருக்கும் லென்ஸைக் கழற்றிவிட்டு வாசி. போட்டபடியே தூங்கிவிடாதே.

திங்கட்கிழமை ரப்பர் பால் வெட்டாமல் நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் மேசையில் கிடந்த பழைய லென்ஸ் பெட்டியையும் பவர் எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டுதான். ஓணத்துக்கு நீ வரும்போது புது லென்ஸ் தயாராக இருக்கட்டும் என்று நினைத்தேன். எதற்கு என்று உனக்குத் தெரியும். பெட்டியைக் காட்டினால் அதேபோல் இன்னொன்று எடுத்துத் தருவார்கள் என்றிருந்தேன். ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கியவனை ஒரு மணி வரை கூப்பிடவில்லை. மகளுக்கு என்று சொல்லியும் முன்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரில் என் பெயரை ஏற்றிவிட்டாள். பெஞ்சில் வரிசையாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தவர், "நிமிந்து பாருங்க" என்று எனக்கும் மூன்று தடவை விட்டார். எனக்கில்லை என்று சொல்வதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார். மன்னிப்பும் இல்லை, கட்டிய பணமும் திரும்பி வரவில்லை.

உள்ளே கண் பரிசோதிக்கிற பிள்ளை மட்டும்தான் மனுஷியாகப் பேசினாள். உன் வயதுதான் இருக்கும். சீட்டு இரண்டு வருஷம் பழசு, இதை வைத்துத் தர முடியாது என்றாள். கண்ணாடிச் சீட்டில் மைனஸ் 6.50, லென்ஸ் பெட்டியில் மைனஸ் 6.00, அப்போதே தப்பாகத்தானே தந்திருக்கிறீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. கண்ணாடி கண்ணுக்கு 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண் மேலேயே உட்காருகிறது, அதனால் பவர் குறையும் என்று விரலை வைத்துக் காட்டினாள். பெட்டியில் 8.6 என்றிருப்பது லென்ஸின் வளைவாம். இடது கண்ணில் உனக்கு சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் வேறு பவர், இருப்பதால் அந்த லென்ஸ் திரும்பாமல் நிற்கிறதா என்று கண்ணில் போட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். அளவெடுக்கச் சில நாள் முன்னாலிருந்தே லென்ஸ் போடக் கூடாதாம்.

பிறகு அவள் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுவாங்க? போட்டுட்டே தூங்குவாங்களா? கண் சிவக்குதா, எரியுதா? லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணியில கழுவுவாங்களா? ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. எரிகிறது என்பது மட்டும் தெரியும். நீ சொல்லியிருந்தாய். "ஓணம் வரை பொறுத்துக்கோ, அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்று சொன்னவன் நான்தானே. அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை.

குழாய்த் தண்ணீர் படவே கூடாது மக்களே. தண்ணீரில் இருக்கிற கிருமி லென்ஸுக்கு அடியில் ஒட்டினால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும் என்றாள். திற்பரப்பு அருவியில் நீ லென்ஸோடு குளித்தது நினைவுக்கு வந்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சொசைட்டிக் கடனை உன் சம்பளத்தில் அடைத்தவள், இவ்வளவு படித்தவள், உன் கண்ணை நீ பார்க்க வேண்டாமா? போட்டபடி தூங்காதே.

வெளியே வந்தால் வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டும் வாசிக்க முடியாமல், பள்ளிக்கூடப் பையன் ஒருவனிடம் குலசேகரம் பஸ் எது என்று கேட்டு ஏறினேன். கண்டக்டர் தந்த மிச்சம் பத்தா இருபதா என்று தெரியவில்லை. தக்கலை வரும் வரை உன் நினைப்புதான்.

முன்பு உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்கு மேலே வைத்தது நான். சாயா தட்டோடு வந்தவள் நடையில் நின்று, காலை நீட்டிப் பெருவிரலால் படியைத் தேடினாய். வந்தவர்கள் அதை வெட்கம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும். ராத்திரி "பையன் எப்படி" என்று கேட்டதற்கு, "முகம் தெரியேலப்பா, வெள்ளச் சட்டைதான் தெரிஞ்சுது" என்றாய். நான் சிரித்தேன்.

அந்தச் சம்பந்தம் நகையில் முறிந்தது என்றுதான் உன்னிடமும் அம்மையிடமும் சொன்னேன். அது பொய். பையனின் அப்பா, "பிள்ளைக்குக் கண்ணுக்கு ஏதாவது உண்டா" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிறகு யாரோ சொல்லித் தெரிந்து, மறைச்சுட்டீங்களே என்று போனில் கேட்டார். முறித்தது உன் கண் இல்லை மக்களே, என் வாய்.

இப்போது வருகிறோம் என்றவர்களிடம், கண்ணாடி போடுகிற பிள்ளை, பவர் ஆறரை என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் சம்மதம் கேட்காமல் நாள் குறித்துவிட்டேன், கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். நீ வேண்டாமென்றால் யாரும் வரமாட்டார்கள்.

பெங்களூரிலேயே நல்ல டாக்டராகப் பார். எரிச்சல் நிற்கும் வரை லென்ஸைத் தொடாதே. ஓணத்துக்கென்று ஒரு ஏத்தன் வாழைக்குலை வெட்டாமல் நிறுத்தியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டே வா. என்னிடம் பேச வேண்டாம், கண் எப்படி இருக்கிறது என்று அம்மைக்கு ஒரு வரி போடு.

அப்பா