சொந்த இயங்குதளக் கைபேசிக்கான ஆதரவு குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: இயங்குதளம் பற்றிய முடிவை இழுத்தடிப்பதால் வாடிக்கையாளருக்கு நேரும் இழப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனம் சொந்தமாக உருவாக்கிய இயங்குதளத்தில் ஓடும் கைபேசியைக் கடந்த ஆண்டு வாங்கினேன். தமிழில் சரளமாகத் தட்டச்சு செய்ய முடிந்ததும், ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கியதும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. என் மளிகைக் கடையின் கடன் கணக்கை முழுவதும் அதிலேயே எழுதி வருகிறேன்.

ஆனால் விற்பனை சரியத் தொடங்கியபின், சொந்த இயங்குதளத்தைக் கைவிட மாட்டோம் என்று முதலில் சொன்னீர்கள். பிறகு ஆண்ட்ராய்டும் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னீர்கள். இப்போது எதுவுமே சொல்வதில்லை. இதற்கிடையில் என் வங்கியின் செயலி இந்தக் கைபேசியில் இயங்காமல் நின்றுவிட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பும் வருவதில்லை. சேவை மையத்தில் கேட்டபோது, வேறு கைபேசிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களே மாற்றிக் கொடுத்த தொடர்புப் பட்டியலில் தமிழில் இருந்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. கடன் கணக்குக் குறிப்புகளோ தங்கள் மென்பொருளைத் தவிர வேறெதிலும் திறக்கவில்லை. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற விவரம் முழுவதும் அந்த ஒரே கருவிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது தங்கள் உரிமை. அதில் நான் தலையிடவில்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியா, தான் பயன்படுத்திவந்த சிம்பியன் இயங்குதளத்தை விட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்துக்கு மாறப்போவதாக அறிவித்தது. அதில் ஓடும் முதல் லூமியா கைபேசிகள் அந்த ஆண்டின் இறுதியில்தான் கடைக்கு வந்தன. அப்படி வந்தவற்றை நம்பி வாங்கியவர்களுக்கும் 2012இல் வெளியான விண்டோஸ் போன் 8 கிடைக்கவில்லை, 7.8 என்ற சிறிய மேம்பாட்டோடு அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். பிளாக்பெர்ரி இதற்கு நேர்மாறாக, 2013இல் பிளாக்பெர்ரி 10 என்ற சொந்த இயங்குதளத்தை நம்பி இறங்கி, 2015இல் பிரிவ் கைபேசியை ஆண்ட்ராய்டில் வெளியிட்டது. இரு வழிகளிலும் தோல்வி உண்டு என்பதை நான் அறிவேன். ஆயினும் பிளாக்பெர்ரி தன் பழைய கைபேசிகளுக்கான சேவையை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்து, 2022 ஜனவரி 4 அன்றுதான் நிறுத்தியது. அந்த மரியாதையைக்கூட நீங்கள் எங்களுக்குத் தரவில்லை என்பதே என் வருத்தம். முடிவு எடுக்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அதே கைபேசியைப் புதியவர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களிடம் இதில் எதையும் சொல்வதில்லை. இது நியாயமான வணிகம் ஆகாது.

ஆகவே, ஏற்கெனவே விற்ற கைபேசிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதிவரை வரும் என்பதை எழுத்துப்பூர்வமாக அறிவிக்குமாறும், தொடர்புகளையும் குறிப்புகளையும் தமிழ் எழுத்து சிதையாமல் எந்தக் கைபேசியிலும் திறக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்க ஒரு கருவியை இலவசமாக வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது கோரிக்கைக்குத் தங்கள் இயங்குதள முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. கடையில் மீதமுள்ள கைபேசிகளின் பெட்டியின் மீதும் அந்தத் தேதியை அச்சிட வேண்டும்.

முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். வாங்கிய ரசீதின் நகலையும், சேவை மையம் தந்த பணிச்சீட்டின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்