நாளைக்கு எத்தனை வண்டி?

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் ஆறு மேஜை போட்ட சின்ன ஓட்டல் நடத்துகிறேன். காலையில் டிபன், மதியம் சாப்பாடு.

நான் எழுதுவது இட்லி மாவு விஷயமாக. நாளைக்கு எத்தனை வண்டி மலை ஏறும் என்று தெரியாததால் வரும் சிக்கல் அது.

கீழே மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில், ராத்திரி கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும். இங்கே மே மாதத்திலும் அப்படி ஆகாது. காலையிலேயே அரிசி ஊறப்போட்டு, மதியம் அரைத்து, அடுப்படி ஓரமாகச் சாக்குப் போர்த்தி வைத்தால்தான் மறுநாள் இட்லி இட்லியாக வரும். ஆக, நாளைய கூட்டத்துக்கு எத்தனை படி என்பதை இன்று காலை எட்டு மணிக்கே முடிவு செய்தாக வேண்டும். எதை வைத்து? வானத்தையும் காலண்டரையும் பார்த்துத்தான்.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை, ஒன்பதே காலுக்கு மாவு தீர்ந்துபோனது. திருப்பூரிலிருந்து வேனில் வந்த பதினோரு பேருக்கு பிரெட் ஆம்லெட்தான் போட முடிந்தது. அடுத்த சனிக்கிழமை ரெட்டிப்பாக அரைத்தேன். பெருமழை, ஆளே இல்லை. மாவாவது குளிரில் ஒரு நாள் தாங்கும். வடித்த சோறும் சாம்பாரும் தாங்குமா?

இந்தக் கணக்கு உங்களிடம் இருக்கிறது ஐயா. 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மலை ஏறுவதில்லை. என்றைக்கு வருகிறார்கள், எத்தனை பேர் என்று பதிந்துவிட்டுத்தான் வருகிறார்கள். 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தது. ஆனால் வரம்பு வேறு, வருகிற வண்டி வேறு.

கேட்பது இவ்வளவுதான்: தினமும் காலை ஏழரை மணிக்குள், மறுநாளுக்கு அதுவரை எத்தனை வண்டி, எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று மாவட்ட இணையதளத்தில் இரண்டு எண் போடுங்கள். பெயர் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதை நாங்களே பரப்பிக்கொள்வோம்.

கல்லார் சோதனைச் சாவடியில் வந்து நின்றுகொண்டு போனில் பாஸ் எடுக்கிறவர்களும் உண்டுதான். அரசு பஸ்ஸில் வருகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். பரவாயில்லை. ஒரு மாதம் பார்த்தால், பதிந்தது இவ்வளவு என்றால் வருவது எவ்வளவு என்று எங்களுக்கே பிடிபட்டுவிடும். மாவு கரைத்துப் பழகிய கை.

ஏப்ரல் பிறப்பதற்குள் முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
கோத்தகிரி ஓட்டல்காரர் ஒருவர்