தலைப்பு கொடுக்கும்போது தேடும் வழியையும் சேர்த்துக் கொடுங்கள்

வடசென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மாலை டியூஷன் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டுரைத் தலைப்பு சொல்லி அனுப்பினால் சனி, ஞாயிறு எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் போன வாரம் பார்த்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன். தலைப்பு 'ராயபுரம் ரயில் நிலையம்', எட்டுப் பக்கம், திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். நேராக பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் எதையோ தேடி 14 பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, பக்கத்துக்கு 5 ரூபாய் என்று 70 ரூபாய் வாங்கிக்கொண்டார். பையனின் அம்மா விடியற்காலையில் காசிமேட்டில் போய் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்து கொடுப்பவர். அந்த 70 ரூபாய் எப்படி வந்த காசு என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை திருத்தி வந்த நோட்டைக் காட்டினான். மூன்றாம் பக்கத்தின் கடைசியில், குண்டு குண்டான அழகான கையெழுத்தில், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு, 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்' என்று எழுதியிருக்கிறான். பக்கத்திலேயே சிவப்பு மையில் டிக்.

எழுதிய பிள்ளையும் அதைப் படிக்கவில்லை, திருத்தியவரும் படிக்கவில்லை. பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவனுக்கு வேறு வழியை யாருமே காட்டவில்லையே.

அதே தலைப்பை வைத்துக்கொண்டு இரண்டு மாலை அவனோடு உட்கார்ந்தேன். "அந்த ஸ்டேஷனைப் பத்தி உனக்கு என்ன தெரிஞ்சிக்கணும்?" என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் முழித்தான். அப்புறம், "சென்ட்ரல் அவ்வளோ பெரிசா இருக்கும்போது தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஏன்கா நம்ம ஏரியாலேர்ந்து கிளம்புச்சு?" என்றான். அவ்வளவுதான், கட்டுரைக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. தேடிப் பார்த்தால் சென்ட்ரல் திறந்ததே 1873-ல்தான் என்று வந்தது, ராயபுரமோ 1856. பழைய தேதி காலண்டர் தாள்களைக் கிழித்துக் கொடுத்து, பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு தகவல் மட்டும் எழுது, கீழே அதை எங்கே பார்த்தாய் என்று குறித்துக்கொள் என்றேன். ஒரு தாளில் 1856 ஜூன் 28 என்று இருந்தது, இன்னொன்றில் ஜூலை 1. "எதுக்கா கரெக்ட்?" என்று கேட்டவன் என் பதிலுக்குக் காத்திருக்காமல் தானே தேடி, முதலாவது கவர்னர் திறந்து வைத்த நாள், இரண்டாவது ஆற்காடு பக்கத்து வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிய நாள் என்று கண்டுபிடித்தான். கடைசியில் தாள்களைத் தரையில் பரப்பி, எதற்குப் பின்னால் எது வரும் என்று மாற்றி மாற்றி அடுக்கினான். எழுதி முடித்தது மூன்றே பக்கம்தான், ஆனால் எந்த வரியைக் கேட்டாலும் பதில் சொல்கிறான்.

இதற்குக் கம்ப்யூட்டர் லேபோ ஸ்மார்ட் போர்டோ வேண்டியதில்லை. தலைப்பு கொடுக்கும்போது தேடும் வழியையும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், போர்ஷன் முடிக்க வேண்டும், அதற்கு நடுவில் பிள்ளைகளின் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவு வேறு. ஆனால் வரலாறு கண் முன்னால் இருக்கும் ஊர் இது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத்தான். அந்த மில்லில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைப் போய் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டு வா என்று சொல்ல ஆள் இல்லை. சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில், 1948-ல். இன்றைக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-லிருந்து இருக்கிறது, இந்தியாவில் வெளிவரும் புத்தகங்கள் அங்கே வந்து சேர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, என்னிடம் படிக்கும் பதினேழு பிள்ளைகளில் ஒருவர்கூட அதன் படியேறியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் தூரம், சரி. எழும்பூருமா தூரம்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரைத் தலைப்பை ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு பாடவேளையை, கேள்வி என்ன, எங்கே தேடுவது, எப்படிக் குறித்து வைப்பது, எப்படி அடுக்குவது என்று சொல்லிக்கொடுக்க ஒதுக்குங்கள். வருடத்தில் ஒரு தடவையாவது பக்கத்துக் கிளை நூலகத்துக்கு வரிசையாகக் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை பக்கம் என்று பார்க்காமல், எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டு மார்க் போடுங்கள். தயவுசெய்து தலைப்போடு தேடும் வழியையும் கொடுங்கள்.

காலண்டர் தாள்களைத் தெருவில் வீடு வீடாக வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி கேட்டாலும் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை டியூஷன் அக்கா