சாவடி வாரியாக முடிவைச் சொல்லாதீர்கள்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் சக ஆணையர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் பணியில் வாக்குச்சாவடிகளில் உட்கார்ந்தவன். சாவடி வாசலில் நடக்கும் மிரட்டலைத் தடுக்கப் போலீஸ், துணை ராணுவம், கேமரா, 100 மீட்டர் கோடு எல்லாம் வைத்திருக்கிறீர்கள். முடிவு வந்த பிறகு ஊருக்குள் தொடங்கும் மிரட்டலுக்கு எதுவும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சாவடியில் முதல் அலுவலர் வாக்காளரின் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போடுகிறார்கள். கள்ள ஓட்டைப் பிடிக்க இது வேண்டும். இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏஜெண்ட் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். யார் வந்தார், யார் வரவில்லை, யார் தன் முகத்தைப் பார்க்காமல் போனார் என்பதெல்லாம் மாலைக்குள் அவருக்கு அத்துப்படி. பிறகு வாக்கு எண்ணும் நாளில் அதே சாவடியின் இயந்திரத்தைத் தனியாக மேசையில் வைத்து, யாருக்கு எத்தனை என்று எல்லாக் கட்சியினருக்கும் காட்டுகிறோம். இந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ரகசிய வாக்கில் மிச்சம் என்ன இருக்கிறது?

நம் கிராமங்களில் காலனிக்குத் தனிச் சாவடி இருப்பது சாதாரணம். அங்கே விழுந்த ஓட்டு என்றால் அது தலித் மக்களின் ஓட்டு, பெயர் தேவையில்லை. "காலனி பூத்துல நமக்கு இவ்வளவுதான் விழுந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால் போதும். குடிநீர்க் குழாய் வருவது தள்ளிப்போகும், நூறு நாள் வேலையில் பெயர் விடுபடும், வயல் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். புகார் கொடுக்க இதில் என்ன ஆதாரம் இருக்கிறது? 2019 ஏப்ரல் 18 அன்று, வாக்குப்பதிவு நாளிலேயே, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டதை நாடே பார்த்தது. அது கண்ணுக்குத் தெரிந்த வன்முறை. நான் சொல்வது சத்தமே இல்லாமல் ஐந்து வருடம் நடப்பது.

அதே 2019-இல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, கிராமங்களை அவை அளிக்கும் வாக்கு சதவீதப்படி ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என்று மேடையிலேயே பேசினார். ஆணையம் கண்டித்தது. ஆனால் அப்படிப் பிரிப்பதற்கான பட்டியலைத் தருவது யார்? சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று நீங்கள் வெளியிடும் படிவம் 20 தானே?

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு வழி இருந்தது. வாக்காளர்கள் மிரட்டப்படவோ பழிவாங்கப்படவோ கூடும் என்று ஆணையம் கருதினால், எண்ணும் முன் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலக்கலாம் என்று தேர்தலை நடத்தும் முறைக்கான விதிகளில் 59ஏ சொல்கிறது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிக்கும் இயந்திரம் வந்தது, கலப்பது நின்றுபோனது. இயந்திரத்தால் வந்த குறைக்கு இயந்திரத்திலேயே மருந்தும் உண்டு. 14 இயந்திரங்கள் வரை இணைத்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' தயாராகிப் பல வருடம் ஆகிறது. அதைக் கொண்டுவர வேண்டும் என்று 2008-இல் அரசுக்கு எழுதியது உங்கள் ஆணையமேதான். 2015-இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசுதான் ஏற்கவில்லை. எங்கே ஆதரவு குறைவு என்று தெரிந்தால் கட்சிகள் அங்கே கூடுதலாக உழைக்கும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த உழைப்பு எந்த வடிவில் வரும் என்பதைக் காலனியில் வந்து கேட்கச் சொல்லுங்கள்.

எதிர்வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன். சாவடிக் கணக்கு மறைந்தால் இயந்திரத்தில் தில்லுமுல்லு நடந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது? நியாயமான பயம். ஆனால் பதிவான மொத்த ஓட்டு படிவம் 17சி-யில் ஏஜெண்டுகளிடம் இருக்கும். அதை எண்ணும் மேசையில் ஒப்பிடலாம். சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை, அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சாகும் சீட்டுகளை, குலுக்கல் முறையில் எடுத்து எண்ணுவதும் தொடரட்டும். வழக்கு வந்தால் நீதிமன்றம் தனிக் கணக்கைத் திறந்து பார்க்கட்டும். மறைய வேண்டியது, இந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது மட்டும்தான்.

சாவடிக்கு 1,200 வாக்காளர் என்று நீங்கள் வரம்பைக் குறைத்தது வரிசையில் நிற்பவருக்கு நல்லது, வரவேற்கிறேன். ஆனால் சாவடி சிறுக்கச் சிறுக்க, யார் யாருக்குப் போட்டார் என்று ஊகிப்பதும் எளிதாகிறது. வாக்களிக்க வந்து யாருக்கும் போடாமல் இருப்பவரின் ரகசியமும் காக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லித்தான் நோட்டா பொத்தான் வந்தது. ஒருவருக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு ஒரு தெருவுக்கு வேண்டாமா?

2008-இல் எழுதியதைச் சட்ட அமைச்சகத்துக்கு மறுபடி எழுதுங்கள், எழுதியதை வெளியிடுங்கள். ஓர் இடைத்தேர்தலில் டோட்டலைசரைச் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். விதி திருந்தும்வரை, முடிவு வந்த பிறகு மிரட்டப்படுபவர் புகார் சொல்ல மாவட்டந்தோறும் ஓர் அதிகாரியை ஒரு வருடத்துக்காவது வைக்க மாநில அரசுகளை வற்புறுத்துங்கள். இப்போதோ, நடத்தை விதி விலகியதும் உங்கள் பார்வையாளர்கள் ரயில் ஏறிவிடுகிறார்கள். அந்த மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடிப் பணி பார்த்த ஓர் ஆசிரியர்