மாத்திரை கொடுக்கும்போதே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தைப் பற்றிய கட்டுரையில், மூளையில் சுரக்கும் டோபமின் ஒரு ‘இன்ப ரசாயனம்’, அதை அடக்கி வைக்கப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ரசாயனம் வற்றிப்போன ஒரு மனிதரோடு ஆறு வருஷமாக இருக்கிறேன். அதை ஈடுகட்டக் கொடுத்த மாத்திரையே அவரைச் சூதாட்டத்தில் இறக்கிவிட்டதையும் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஐயனுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இப்போது 68 வயது. ஆனைமலைப் பக்கம் நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை காய், வியாபாரி தந்த பணம் எவ்வளவு என்று நீள நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். நடுக்கத்துக்கு முன்பே என் கண்ணில் பட்டது அந்த நோட்டுதான். 2018ஆம் வருஷப் பக்கத்தில் ரெண்டு கோட்டை நிறைத்துக் கிடந்த கையெழுத்து, 2020இல் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து, முடிவதற்குள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிவிடும். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அப்புறம் மல்லித்தழை வாசமே தெரியவில்லை என்றார். நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்கியது. கோவையில் நரம்பியல் மருத்துவர் நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்றார்.

நடு மூளையில் கருத்த நிறத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமின் அங்கிருக்கும் செல்களிலிருந்துதான் போகிறது. கை நடுங்கத் தொடங்குவதற்குள் அந்தச் செல்களில் பாதிக்கு மேல் செத்திருக்குமாம். டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்தைத் தாண்டி மூளைக்குள் நுழையாது. உள்ளே போய் டோபமினாக மாறுகிற லெவோடோபாவைத்தான் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்த ரெண்டாம் வாரம் ஐயன் தானாகவே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதார். அடக்கி வைக்கச் சொன்னீர்களே, அந்த டோபமினால்தான் அவர் பொத்தான் போட்டார்.

ரெண்டு வருஷம் போனது. ஒரு மாத்திரையின் வேகம் அடுத்த வேளை வரைக்கும் தாங்கவில்லை. 2023இல் பிரமிபெக்சோல் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். இது டோபமினாக மாறுவதில்லை. டோபமின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்கிறது. வாந்தி வரலாம், பகலில் தூக்கம் வரலாம் என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஐயன் தீபாவளிக்குக்கூடச் சீட்டுக்கட்டைத் தொடாதவர். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது, நல்ல காரியம் என்று டீக்கடையில் வாதாடியவர். அந்த மனிதர் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் பிடித்து கேரள எல்லை தாண்டி மீனாட்சிபுரம் போய் வந்திருக்கிறார். தோப்புச் சாளையில் (குடிசையில்) ஒரு பழைய கொப்பரைச் சாக்கை நகர்த்தியபோது ரப்பர் பேண்ட் போட்ட கேரளா லாட்டரிச் சீட்டுக் கட்டுகள் விழுந்தன. ஒரு கட்டில் நூறு. உட்கார்ந்து எண்ணினேன். பதினொரு மாதத்தில் ரெண்டே கால் லட்ச ரூபாய். கன்றுக்குட்டி விற்ற பணமும் அதில் போயிருந்தது.

வேர் வாடல் நோயில் மரம் போகிறது, வெள்ளை ஈ வேறு, மனுஷன் நொந்துபோய் இதில் இறங்கிவிட்டார் என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். “இந்த வயசில் இப்படி ஒரு புத்தியா” என்று பேரப்பிள்ளைகள் முன்னால் வைத்துக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

பிறகு ஒரு நாள் தனியாகக் கேட்டபோது சொன்னார்: “விழுகோணும்னு இல்ல கண்ணு. மூணு மணிக்குக் குலுக்கல். அது வரைக்கும் ஒடம்புல ஒரு தெம்பு.”

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பின்னால்தான் படித்தேன். விளக்கு எரிந்ததும் பழச்சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்டால், டோபமின் செல்கள் விளக்கு எரியும்போது துடிக்கின்றன. சாறு வாய்க்கு வரும்போது சும்மா இருக்கின்றன. ஐயன் மூன்று மணிக்கு முந்தைய தெம்பு என்றது இதைத்தான். ஒருவேளை கிடைக்கலாம் என்ற காத்திருப்பில்தான் டோபமினுக்கு வேலை. இன்ப ரசாயனம் என்ற ஒரே வார்த்தைக்குள் இது அடங்காது.

வேறொரு மருத்துவரிடம் போனபோது, அவர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே “சூதாட்டம், லாட்டரி ஏதாவது உண்டா?” என்பதுதான். வாய்க்கால் கணக்கில் விளக்கினார். அசைவுக்கான வயல் வறண்டு கிடக்கிறது, ஆசைக்கான வயலில் இன்னும் ஈரம் இருக்கிறது. மாத்திரை என்ற மடையைத் திறந்தால் தண்ணீர் ரெண்டு வயலிலும்தான் பாயும், ஈரமாக இருந்தது மூழ்கிப்போகும் என்றார். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் பாசனக்காரருக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் 17 பேருக்குச் சூதாட்டம் போன்ற கட்டுப்படாத உந்துதல் இருந்தது. சாப்பிடாதவர்களில் 7 பேருக்கு. எங்கள் வீட்டுக்கு இது தெரிய வந்தது 2024இல்.

பிரமிபெக்சோல் மாத்திரையை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ரெண்டு மாதத்தில் மீனாட்சிபுரம் பஸ் நினைப்பே அவருக்கு இல்லை. கை நடுக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது. சரி, அது பரவாயில்லை. ஆனால் யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, கடுமையான மனச்சோர்வு, உடல் இறுக்கம் என்று வேறு ஆபத்து வரும். இன்னொன்று, நம் பக்கம் பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937லேயே சென்னையில் அதிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதனாலேயேதான் மாத்திரையோடு சேர்த்து மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது. அளவு கூடிப்போகும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. இந்த மாத்திரையை எழுதும்போதே சூதாட்டம், கண்டதை வாங்கிக் குவிப்பது, அளவு தெரியாமல் சாப்பிடுவது, காம இச்சை மிஞ்சிப்போவது ஆகிய நாலையும் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து, கூட வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருப்பதை எங்கள் ஐயன் எப்படிப் படிப்பார்? ஒவ்வொரு முறை வரும்போதும் மருத்துவரே கேட்க வேண்டும். அப்பா மகளிடம் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார். உங்கள் இணைப்பில் செல்போனுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியை இதற்குக் கொடுங்கள்.

இந்தக் கடிதத்தை ஐயனிடம் படித்துக் காட்டினேன். லாட்டரி வந்த இடத்தில் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். முடித்ததும், “பேரு போடாத. ஆனா அனுப்பு” என்றார்.

இப்படிக்கு,
ஆனைமலை வட்டாரத்திலிருந்து ஒரு மகள்