கானாடுகாத்தான் விலக்கில் பஞ்சர் ஒட்டிய ஐயாவுக்கு

மாற்றுத்திறனாளிகளுக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில், திருமயம் – காரைக்குடி சாலையில் எங்கள் அணியின் டேண்டம் வண்டியை, அதாவது இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளை, சரிசெய்து கொடுத்த ஐயாவுக்கு நன்றி. காசும் வாங்கவில்லை, பேரும் சொல்லவில்லை.

முன்னால் ஓட்டுபவர், பின்னால் பார்வையற்ற தோழர் என்று இரண்டு ஆள் எடை ஏறுவதால் டேண்டத்தில் பின்சக்கரம்தான் முதலில் படுக்கும். டியூபை இரண்டு தடவை மாற்றியும் காற்று நிற்கவில்லை. காரணம், டயருக்குள் முறிந்து நின்ற சீமைக்கருவேல முள். வெளியே பார்த்தால் தெரியாது; உள்பக்கம் துணியை ஓட்டினால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும் என்று காட்டினீர்கள். (விரலை விட்டால் விரல் போச்சு!) டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்து, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் பசை தடவி, அதன் ஈரம் போகும்வரை ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் ஒட்டினீர்கள். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் பேட்ச் விலகிவிடும். அவசரத்தில் எல்லாரும் பண்ணுகிற தப்பு அது.

தளர்ந்த ஸ்போக்குகளையும் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கிச் சக்கரத்தின் ஆட்டத்தை நிறுத்தினீர்கள். செய்வதையெல்லாம் பின்சீட்டுத் தோழருக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தீர்களே ஐயா, அதற்குத் தனி நன்றி.