மூஞ்சூறு படமும் உன் உடும்புக் கதையும்

அன்புள்ள முருகா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி போடவில்லை, தப்புதான், திட்டுவதை நேரில் திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சின்னவள் பத்தாவது போகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ராத்திரி 'தி கில்லர் ஷ்ரூஸ்' பார்த்தேன். 1959-ல் டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. ஒரு தீவு, வெளியே புயல், ஆராய்ச்சி கைமீறிப் போய் ஓநாய் அளவுக்கு வளர்ந்துவிட்ட மூஞ்சூறுகள். ஆமாம், நம்ம பிள்ளையார் வாகனமேதான்! இருந்த இரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு மனிதர்கள் இருக்கும் வீட்டைச் சுற்றி வருகின்றன, கடித்தால் விஷம் வேறு.

கையில் காசில்லை. வேட்டை நாய்களுக்கு ரோமப் போர்வை மாட்டி ஓடவிட்டிருக்கிறார்கள், கிட்டத்தில் காட்ட வேண்டிய மூஞ்சிக்குக் கைப்பொம்மை. தூரத்தில் ஓடும்போது நாய் என்று தெரிந்துவிடுகிறது, நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஆனால் இயக்குநர் ரே கெல்லாக் தந்திரக் காட்சிகளிலேயே ஊறியவர், பயம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மண்சுவரைத் துளைத்துக்கொண்டு அவை உள்ளே வரும் என்று தெரிந்த பிறகு வெறும் சுவரைக் காட்டினாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடிபட்ட விஞ்ஞானி அலறவில்லை, தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தன் உடம்பில் விஷம் ஏறுவதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகிறார், விரல் நிற்கும்வரை. ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு இயந்திரம், அவ்வளவுதான் செலவு. நடித்தவர் கோர்டன் மெக்லெண்டன், வானொலி நிலையங்கள் நடத்தியவர், படத்தைத் தயாரித்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதைப் பார்த்ததிலிருந்து உன் நினைப்புதான்.

டேய், அந்த உடும்புக் கதையை ஏன் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாய்? கிராஃபிக்ஸுக்கே மூன்று கோடி ஆகும் என்று ஒருத்தர் சொன்னாராம், நீயும் எழுந்து வந்துவிட்டாயாம். உன் கதையில் உடும்பு முழுசாகத் தெரிவதே கடைசியில்தானே? கிணற்றுச் சுவரில் நகம் உரசும் சத்தம் என்று நீ எழுதியிருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை, பதினோரு வருஷமாச்சு.

சேகரிடம் பேசிவிட்டேன், சத்தத்தை அவன் பார்த்துக்கொள்கிறானாம். கிணறு பெரியப்பாவுடையது, கேட்டால் தருவார். பிரதியைக் கூரியரில் அனுப்பு, பழையதே போதும், திருத்தி எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிடாதே.

உன்,
பாலு